திருப்பூர் பனியன் கம்பெனி சர்வர்ல எஸ்எம்பி1 நிறுத்தின கேஸ்: முழு விவரம்

பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனி, பேர் வேண்டாம். மெர்ச்சன்டைசிங் ஆளுகளுக்கு புதுசா விண்டோஸ் 10 லேப்டாப் வாங்கியிருக்காங்க, எதுலயும் சர்வர் ஃபோல்டர் தெறக்கல. இந்த ஷேருக்கு பழைய எஸ்எம்பி1 வேணும், அது பாதுகாப்பு இல்லாததுன்னு விண்டோஸே திரையில போட்டுக் காட்டுது. லேப்டாப் குடுத்த எடத்துல இருந்து ஒருத்தர் வந்து விண்டோஸ் ஃபீச்சர்ஸ் லிஸ்ட்ல எஸ்எம்பி1க்கு ஒரு டிக் போட்டு ரீஸ்டார்ட் பண்ணிக் குடுத்திருக்காரு, ஃபோல்டர் தெறந்துருச்சு, எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிட்டாங்க. அதுக்கப்பறம்தான் அந்த கம்பெனியோட ஏஎம்சி, அதாவது வருசாந்திர பராமரிப்பு வேலை, எங்கிட்ட வந்துச்சு, நான் மொதல்ல கேட்டது அந்த டிக் எதுக்குன்னுதான்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். எஸ்எம்பிங்கறது ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க்ல இருக்கற இன்னொரு கம்ப்யூட்டரோட ஃபோல்டரையும் பிரிண்டரையும் தொடறதுக்கு பேசிக்கற முறை. 1980கள்ல ஐபிஎம்ல பிறந்தது, ஒரு ரூமுக்குள்ள இருக்கற நாலு மெஷினும் நம்ம ஆளுங்கதான்னு நம்பின காலத்துல செஞ்சது. அதோட அடுத்த தலைமுறை எஸ்எம்பி2 2006ல விஸ்டாவோட வந்துச்சு, எஸ்எம்பி3 2012ல விண்டோஸ் 8, சர்வர் 2012 கூட வந்துச்சு, விண்டோஸ் 10ம் சர்வர் 2016ம் பேசறது 3.1.1. மைக்ரோசாஃப்ட்ல எஸ்எம்பிய கவனிச்சுக்கிட்ட நெட் பைல்ங்கறவரு 2016 செப்டம்பர்லயே எஸ்எம்பி1 பயன்படுத்தறத நிறுத்துங்கன்னு வெளிப்படையா எழுதிட்டாரு. 2017 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 1709 வெர்ஷன்ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா எஸ்எம்பி1 சர்வர் பக்கம் (ஷேர் குடுக்கற பக்கம்) வரவே வராது, கிளையன்ட் பக்கம் (ஷேரைத் தொடற பக்கம்) சில எடிஷன்ல இருந்தாலும் 15 நாள் யாரும் தொடலைன்னா தானா கழண்டுக்கும். அப்போ லேப்டாப் ஒழுங்காத்தான் இருந்துச்சு, கோளாறு சர்வர்ல.

ஆனா சர்வர்ல ஓடறது விண்டோஸ் சர்வர் 2016. அது தாராளமா 3.1.1 பேசும், அப்பறம் எதுக்கு அது எஸ்எம்பி1 மட்டும் கேக்குதுன்னு எனக்குப் புரியல. பவர்ஷெல்ங்கற கமாண்ட் திரையில கெட்-எஸ்எம்பிசர்வர்கான்ஃபிகரேஷன் அடிச்சுப் பாத்தா விஷயம் வெளிய வந்துச்சு, எஸ்எம்பி1 ஆன், எஸ்எம்பி2 ஆஃப். எஸ்எம்பி2ம் 3ம் ஒரே அடுக்குல ஓடறது, 2ஐ நிறுத்தினா 3ம் சேந்தே நின்னுடும். ஆக அந்த கம்பெனியில இருக்கற முப்பது சொச்சம் கம்ப்யூட்டரும், புதுசும் பழசும், காஸ்டிங் ஷீட்ல இருந்து பையர் பர்ச்சேஸ் ஆர்டர் வரைக்கும் எல்லாத்தையும் 1980கள்ல ஆரம்பிச்ச ஒரு பேச்சுலதான் பேசிட்டு இருந்திருக்குது. வழக்கமா எஸ்எம்பி1 தெரியாம விட்டுப் போனதா இருக்கும், இங்க யாரோ வேணும்னே நல்லதை நிறுத்திப்போட்டு கெட்டதை மட்டும் விட்டு வெச்சிருக்காங்க.

யாரு, எதுக்குன்னு பதில் கூலி ஆபீஸ்ல கெடச்சுது. பீஸ் ரேட் கணக்கு போடற ப்ரோக்ராம் ஃபாக்ஸ்ப்ரோங்கற பழைய டேட்டாபேஸ் மொழியில எழுதினது, டேட்டா எல்லாம் டிபிஎஃப் ஃபைலா சர்வர் ஷேர்ல கெடக்குது, மூணு நாலு பேர் ஒரே நேரத்துல என்ட்ரி போடுவாங்க. அக்கா ஒருத்தங்க தெளிவாச் சொன்னாங்க: "இந்த சர்வர் வந்த புதுசுல நெம்ப தொந்தரவுங் தம்பி, நான் போட்ட என்ட்ரி அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, இன்டெக்ஸ் கெட்டுப்போகும், சனிக்கிழமை சம்பளம் போடறதுக்குள்ள உசுரு போயிரும். ப்ரோக்ராம் எழுதினவரு வந்து சர்வர்ல என்னமோ ஆஃப் பண்ணிட்டுப் போனாரு, அன்னிக்கு நின்ன தொந்தரவுதான்."

அவர் செஞ்சதுல ஒரு நெசம் இருக்குது. எஸ்எம்பி2ல கிளையன்ட் பக்கம் ஃபைல் விவரத்தையும் டைரக்டரி லிஸ்ட்டையும் கொஞ்ச நேரம் கேஷ்ல, அதாவது தற்காலிக ஞாபகத்துல, வெச்சுக்கும், டீஃபால்ட்டா 10 செகண்ட், இல்லாத ஃபைலைப் பத்தின ஞாபகம் 5 செகண்ட். வேர்டு எக்செல்லுக்கு இது லாபம். ஒரே ஃபைல்ல நாலு பேர் ஒருசேர எழுதற பழைய டேட்டாபேஸ் ப்ரோக்ராமுக்கு அந்த 10 செகண்ட் பழைய விவரமே வெனையாகிடும். எஸ்எம்பி2ஐ நிறுத்தினா இந்தத் தொந்தரவு நிக்கும், வாஸ்தவம். ஆனா கூலி ப்ரோக்ராம் ஓடற அந்த நாலு மெஷின்ல மட்டும் கேஷை ஜீரோ ஆக்கினாப் போதும், லேன்மேன்வொர்க்ஸ்டேஷன் பேராமீட்டர்ஸ் ரெஜிஸ்ட்ரியில ஃபைல்இன்ஃபோகேஷ்லைஃப்டைம், டைரக்டரிகேஷ்லைஃப்டைம், ஃபைல்நாட்ஃபவுண்ட்கேஷ்லைஃப்டைம்னு மூணு வேல்யூ இருக்குது, மூணுக்கும் பூஜ்ஜியம். நாலு மெஷினோட சிக்கலுக்கு கம்பெனி மொத்தத்தையும் தெறந்து போட்டது எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு, இந்த மாதிரி சர்வர் நம்ம ஊர்ப்பக்கம் இன்னும் எத்தனை இருக்குமோ.

ஓனர் அண்ணன்கிட்ட, எஸ்எம்பி1 வழியாப் பரவின வானாக்ரை வைரஸ் பத்தியும் சேத்துச் சொன்னேன். அவரு கேட்டது நியாயமான கேள்வி: "செரி தம்பி, அந்த வைரஸுக்குத்தான் அப்பவே பேட்ச் வந்திருச்சுன்னு சொல்றாங்களே, நம்ம சர்வர்ல அப்டேட் எல்லாம் போட்டிருக்குதில்ல, அப்பறம் ஓடிட்டு இருக்கறதை எதுக்கு நோண்டணும்?"

பேட்ச் வந்தது உண்மைதானுங்கண்ணான்னு ஆரம்பிச்சேன். 2017 மார்ச் 14 எம்எஸ்17-010ங்கற பேட்ச், எஸ்எம்பி1ல இருந்த ஓட்டைய அடைக்கற அப்டேட், வந்துச்சு. சரியா ஒரு மாசம் கழிச்சு ஏப்ரல் 14 அன்னிக்கு ஷேடோ புரோக்கர்ஸ்னு ஒரு கும்பல், அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏகிட்ட இருந்து வந்ததா சொல்லப்படற எடர்னல்புளூங்கற தாக்குதல் கருவிய வெளிய விட்டாங்க. மே 12 அதை வெச்சு வானாக்ரை வந்துச்சு. யாரும் எந்த மெயிலும் தெறக்க வேண்டியதில்ல, 445 போர்ட்ல (ஷேருக்கான நெட்வொர்க் வாசல்) எஸ்எம்பி1 கேட்டுட்டு இருந்து பேட்ச் போடாம இருந்தாப் போதும், தானா உள்ள வந்து ஃபைலைப் பூட்டிப்போட்டு 300 டாலர் பிட்காயின்ல கேட்டுச்சு, அங்கிருந்து பக்கத்து மெஷினுக்குத் தாவுச்சு. 150 நாட்டுக்கு மேல, ரெண்டு லட்சத்துக்கு மேல கம்ப்யூட்டர்னு யூரோபோல் சொன்னாங்க. ஜூன் 27 நாட்பெட்யாங்கற இன்னொரு வைரஸ், அதே ஓட்டையையும் சேத்துப் பயன்படுத்துச்சு, மெர்ஸ்க் கப்பல் கம்பெனி நின்னு போச்சு, அவங்க குழுமம் நடத்தற டெர்மினல் மும்பை ஜேஎன்பிடி துறைமுகத்துல ஸ்தம்பிச்சுது. கன்டெய்னர்னு சொன்னதும் அண்ணன் நிமிந்து உக்காந்தாரு. ஷிப்மென்ட் லேட்டானா ஏர்ல அனுப்பணும், ஏர்ல அனுப்பினா அந்த ஆர்டர்ல லாபம் எங்கன்னு அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல.

அடுத்து 2018 ஆகஸ்ட். தைவான்ல சிப் பண்ற டிஎஸ்எம்சி, பாதுகாப்புக்கு காசு இல்லாத கம்பெனி இல்ல. புதுசா வந்த ஒரு மெஷினை வைரஸ் ஸ்கேன் பண்ணாம நெட்வொர்க்ல சொருகினாங்க, வானாக்ரை வகை உள்ள பூந்து ப்ரொடக்ஷன் நின்னுச்சு. பேட்ச் வந்து ஒரு வருசம் தாண்டிப்போச்சு, ஆனா ஃபேக்டரி ஃப்ளோர்ல இருந்த மெஷினுக்கு பேட்ச் போகல. நம்ம கதையும் அதுதாங்கண்ணா, சர்வர்ல அப்டேட் இருக்குது, கேட் ரூம்ல (கம்ப்யூட்டர்ல பேட்டர்ன் போடற CAD ரூம்) இருக்கற பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்ல என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்.

இன்னொண்ணு, பேட்ச் அடைச்சது ப்ரோக்ராம்ல இருந்த அந்த ஓட்டைய மட்டும். எஸ்எம்பி1ல என்கிரிப்ஷனே கெடையாது, கையெழுத்துப் பாக்கறதுக்கு எம்டி5ங்கற பழைய முறை, நடுவுல ஒருத்தன் உக்காந்து ரெண்டு பக்கத்தையும் ஏமாத்தி கீழ எறக்கினாக் கண்டுபிடிக்கற வழி இல்ல. எஸ்எம்பி3ல இதுக்கெல்லாம் தனித்தனியா ஏற்பாடு இருக்குது, ஆனா ஒரு மூலையில எஸ்எம்பி1 தெறந்து இருக்கற வரைக்கும், நடுவுல உக்காந்தவன் உன் பேச்சுக்கு நான் வரல, எஸ்எம்பி1ல பேசுன்னு கிளையன்ட்ட எறக்கிட முடியும். வேகமும் அப்படித்தான், எஸ்எம்பி1ல நூத்துக்கு மேல இருந்த கமாண்டை எஸ்எம்பி2ல 19ஆக் கொறச்சாங்க, பெரிய ஆர்ட்வொர்க் ஃபைல் தெறக்கறதுலயே வித்தியாசம் தெரியும். ஓனர் செரின்னாரு. ஒரே ஒரு கண்டிஷன், சனிக்கிழமை சம்பளம் நிக்கக்கூடாது, ஷிப்மென்ட் டாக்குமென்ட் நிக்கக்கூடாது.

மொதல்ல எஸ்எம்பி2ஐத் தெறந்தது

இங்கதான் நெறைய பேர் அவசரப்படுவாங்க. எஸ்எம்பி1ஐ நிறுத்தறது ஒரே வரி கமாண்ட், அதை அடிக்கறதுல தெறமை ஒண்ணும் இல்ல. யாரெல்லாம் இன்னும் அதை நம்பி இருக்காங்கன்னு காதைக் குடுத்து உக்காந்து கேக்கறதுதான் இந்த வேலையில முக்காவாசி, அதைச் செய்யாம நிறுத்தினா திங்கக்கிழமை காலைல ஏதோ ஒரு மூலையில ஒரு மெஷின் நிக்கும், அந்தப் பதட்டத்துல யாராச்சும் மறுபடி ஆன் பண்ணுவாங்க, அப்பறம் அதைத் தொடவே விட மாட்டாங்க.

கூலி டேட்டாவைத் தனியா காப்பி எடுத்து, அந்த நாலு மெஷின்லயும் கேஷ் பூஜ்ஜியம் பண்ணி, ஞாயித்துக்கிழமை எஸ்எம்பி2ஐ ஆன் பண்ணி, அக்காவையும் அந்தப் பிள்ளையையும் வரச்சொல்லி போன வாரத்து சிட்டையையே காப்பி டேட்டாவுல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடச் சொன்னேன். ஒருத்தங்க போட்டது இன்னொருத்தங்களுக்கு உடனே தெரிஞ்சுது, ரீஇன்டெக்ஸ் கேக்கல, டோட்டலும் போன வார ரெஜிஸ்டரோட ஒத்துப்போச்சு. அடுத்த சனிக்கிழமை நெஜ சம்பளம் எந்தச் சத்தமும் இல்லாம முடிஞ்சுது. ப்ரோக்ராமை மாத்தணும்னு நான் சொல்லத்தான் செஞ்சேன், விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2015லயே முடிஞ்சுது, ஆனா அது வேற வேலை, வேற பட்ஜெட்.

எஸ்எம்பி2 ஆன் ஆன ஒடனே கிளையன்டுக ஒருக்கா ரீஸ்டார்ட் ஆனதும் தானா மேல ஏறிருச்சுக. கெட்-எஸ்எம்பிசெஷன்ல டயலெக்ட்ங்கற கட்டத்துல யாரு எந்த எஸ்எம்பில பேசறாங்கன்னு பாத்தா விண்டோஸ் 10 எல்லாம் 3.1.1, மிச்சமிருந்த விண்டோஸ் 7 ரெண்டு மூணு 2.1. எந்தச் செலவும் இல்லாம பெரும்பாலானவங்க அன்னிக்கே பாதுகாப்பான பக்கம் வந்துட்டாங்க, எனக்கு இந்தக் கேஸ்ல மனசு நெறைஞ்ச நேரம் அதுதான்.

ஆடிட் போட்டுக் காத்திருந்தது

எஸ்எம்பி1 ஆடிட்னு ஒரு வசதி சர்வர் 2016ல இருக்குது, செட்-எஸ்எம்பிசர்வர்கான்ஃபிகரேஷன்ல ஆடிட்எஸ்எம்பி1ஆக்சஸ்ங்கறத ட்ரூ ஆக்கினா, யார் எஸ்எம்பி1ல வந்தாலும் ஈவன்ட் வியூவர்ல எஸ்எம்பிசர்வர் ஆடிட் லாக்ல 3000ங்கற நம்பர்ல ஒரு வரி விழும், வந்தவங்களோட ஐபி அட்ரஸோட. அதைப் போட்டு விட்டுட்டு ரெண்டு நாள்ல நிறுத்திடாம மாசக் கடைசியும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் பையர் விசிட்டும் தாண்டற வரைக்கும் விடச் சொன்னேன், ஏன்னா மாசத்துல ஒருக்கா மட்டும் முழிக்கற மெஷின் எல்லா கம்பெனியிலயும் ஒண்ணாவது இருக்கும்.

அது மாதிரியே ஆச்சு. லாக்ல எதிர்பார்த்த நாலு பேர் ஒடனே வந்தாங்க: கேட் ரூம் எக்ஸ்பி, ரெண்டு காப்பியர், பேக்கப் எடுக்கற பழைய நாஸ் (நெட்வொர்க்ல சொருகற டிஸ்க்) பெட்டி, அது சர்வர் ஷேரைத் தானே வந்து இழுக்கற மாதிரி செட் பண்ணியிருந்தாங்க. அஞ்சாவதா ஒரு அட்ரஸ் பல நாள் கழிச்சு ஒரு மதியம் வந்துச்சு, ரெண்டு மணி நேரம் இருந்துச்சு, காணாமப் போச்சு. டிஹெச்சிபி லிஸ்ட்ல (யாருக்கு எந்த ஐபி குடுத்துச்சுங்கற பட்டியல்) மேக் அட்ரஸ், அதாவது நெட்வொர்க் கார்டோட நம்பர், பாத்தா எந்தக் கம்ப்யூட்டரும் இல்ல. அன்னிக்கு மதியம் என்ன நடந்துச்சுன்னு விசாரிச்சா பையர் வந்திருந்தாங்க, மீட்டிங் ஹால் டிவியில கம்பெனி வீடியோ ஓட்டினாங்க, டிவியோட சேந்த மீடியா பெட்டி வீடியோவை சர்வர்ல இருந்து எஸ்எம்பி1ல எடுத்திருக்குது. கண்டுபிடிக்காம நிறுத்தியிருந்தா பையர் முன்னாடி டிவி கருப்பா நின்னிருக்கும், அதுவே எஸ்எம்பி1 திரும்பி வர்றதுக்குப் போதுமான காரணமா ஆயிருக்கும். வீடியோவை பென் டிரைவ்ல போட்டு டிவி பின்னாடி சொருகியாச்சு, அந்தப் பெட்டிய நெட்வொர்க்ல இருந்து எடுத்தாச்சு.

காப்பியர் ரெண்டுல ஒண்ணுக்கு டீலர் வந்து புது ஃபர்ம்வேர் (மெஷினுக்குள்ளயே ஓடற சாஃப்ட்வேர்) ஏத்தினாரு, எஸ்எம்பி வெர்ஷன் செலக்ட் பண்ற பக்கம் வந்துச்சு, முடிஞ்சுது. இன்னொண்ணுக்கு ஃபர்ம்வேர் இல்ல. எஃப்டிபிங்கற பழைய ஃபைல் அனுப்பற முறையப் போட்டுக்கலாமேன்னு டீலர் சொன்னாரு, எனக்கு இஷ்டமில்ல, அதுல பாஸ்வேர்டே அப்படியே கம்பியில போகும், ஒரு பழசை எடுத்துப்போட்டு இன்னொரு பழசை வெக்கறது என்ன வேலை. அந்த மெஷினை பேக்கிங் செக்ஷனுக்கு வெறும் காப்பி எடுக்க அனுப்பிட்டு டாக்குமென்டேஷன் ஆளுகளை ஃபர்ம்வேர் ஏத்தின மெஷினுக்கு மாத்தினோம், நாலடி நடக்கணும்னு கொஞ்சம் முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

நாஸ் பெட்டியும் அப்படித்தான், கம்பெனியே அப்டேட் நிறுத்திட்டாங்க. அது கழண்டது ஒரு வகையில நல்லது, ஏன்னா அந்தப் பெட்டியே எல்லாருக்கும் எழுதற உரிமையோட ஷேரா தெறந்து கெடந்துச்சு, சர்வரைப் பூட்டற வைரஸ் பேக்கப்பையும் சேத்துப் பூட்டிடும். இப்போ எக்ஸ்டர்னல் டிஸ்க் மாத்தி மாத்தி, ஒண்ணு எப்பவும் கழட்டி ஓனர் ஊட்டு பீரோல இருக்குது.

கேட் ரூம் எக்ஸ்பி

இதுதான் உண்மையான சண்டை. பேட்டர்ன் மாஸ்டர் மார்க்கர் (துணி வெட்டறதுக்கான வரைபடம்) போட்டு ப்ளாட்டர்ல பிரிண்ட் எடுக்கறது ஒரு எக்ஸ்பி மெஷின்ல இருந்து, சாஃப்ட்வேரோட டாங்கிள் (லைசென்ஸ் சாவி) பழைய பிரிண்டர் போர்ட்ல சொருகறது, புது மெஷின்ல அந்த போர்ட்டே கெடையாது. எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 தவிர வேற எதுவும் பேசத் தெரியாது, சப்போர்ட் 2014 ஏப்ரல் 8லயே முடிஞ்சுது. மாஸ்டர் கறாராச் சொல்லிட்டாரு: "ஏனுங் தம்பி, ப்ளாட்டர் நின்னா கட்டிங் நிக்கும், கட்டிங் நின்னா லைன் நிக்கும், அப்பறம் நீங்க வந்து ஓனர்கிட்ட பதில் சொல்லுங்க."

இந்த ஒரு மெஷினுக்காக மட்டும் சர்வர்ல எஸ்எம்பி1ஐ விட்டு வெச்சுக்கலாம்னு அக்கவுண்ட்ஸ்ல சொன்னாங்க. நான் ஒத்துக்கல. சர்வர்ல எஸ்எம்பி1 இருக்குதுன்னா அது எல்லாருக்கும் இருக்குது, ஒரு மெஷினுக்கு மட்டும்னு ஒண்ணு கெடையாது. பழசு வேணும்னா பழசைத் தனியா ஒதுக்கி வெக்கணும்.

சும்மா கெடந்த ஒரு சின்ன கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டு ரெண்டு நெட்வொர்க் கார்டு வெச்சேன். ஒரு கார்டு ஆபீஸ் பக்கம், இன்னொண்ணு நேரா எக்ஸ்பிக்கு, நடுவுல ரூட்டிங் கெடையாது. ஆபீஸ் பக்கம் அந்தப் பெட்டி எந்த ஷேரும் குடுக்காது, சர்வர்ல ப்ளாட் ஃபோல்டரை மட்டும் படிக்க மட்டுமே உரிமை இருக்கற ஒரு யூசர்ல எஸ்எம்பி3ல மவுண்ட் பண்ணி, நிமிசத்துக்கு ஒருக்கா புது ஃபைலை உள்ளூர் ஃபோல்டருக்கு எடுத்துக்கும். அந்த உள்ளூர் ஃபோல்டரைத்தான் சாம்பா (லினக்ஸ்ல எஸ்எம்பி பேசற சாஃப்ட்வேர்) எக்ஸ்பி பக்கத்து கார்டுல மட்டும் காட்டும். சாம்பா 2019ல வந்த 4.11ல இருந்து டீஃபால்ட்டா எஸ்எம்பி1 பேசாது, அதனால சர்வர் மின் புரோட்டோகால்ல என்டி1னு, அதாவது எஸ்எம்பி1னு, நாமளா எழுதணும், கூடவே இன்டர்ஃபேசஸ்ல அந்த ஒரு கார்டை மட்டும் குடுத்து பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி எஸ்னு போடணும், இதை மறந்தா ஆபீஸ் பக்கமும் எஸ்எம்பி1 தெறந்துக்கும். எக்ஸ்பில எல்எம்கம்பேட்டிபிலிட்டிலெவலை 3 ஆக்கினா என்டிஎல்எம்வி2ங்கற கொஞ்சம் பலமான லாகின் முறையில உள்ள வரும், சாம்பாவை அதுக்கும் கீழ எறக்க வேண்டியதில்ல. எக்ஸ்பிக்கு இப்போ இன்டர்நெட் கெடையாது, சர்வர் கெடையாது, அது வைரஸோட இருந்தாலும் போறதுக்கு வழி இல்ல. மாஸ்டருக்கு ஃபைல் வர்றது ஒரு நிமிசம் லேட், அதை அவரு கண்டுக்கவே இல்ல.

நிறுத்தினது

ஆடிட் லாக் காலியா வர ஆரம்பிச்ச பொறவு செட்-எஸ்எம்பிசர்வர்கான்ஃபிகரேஷன்ல எஸ்எம்பி1ஐ ஃபால்ஸ் ஆக்கினேன். இதுக்கு சர்வர் ரீஸ்டார்ட் வேண்டியதில்ல, ஏதாச்சும்னா அதே வேகத்துல திருப்பிக்கலாம், அதனால இந்த நெலமையில ஒரு சம்பள வாரம் ஓடவிட்டோம். அப்பறம் ஞாயித்துக்கிழமை எஃப்எஸ்-எஸ்எம்பி1 ஃபீச்சரையே கழட்டி ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. வெளிய ஒரு லேப்டாப்ல இருந்து என்மேப்ங்கற நெட்வொர்க் சோதனை டூல்ல எஸ்எம்பி-புரோட்டோகால்ஸ் ஸ்கிரிப்ட் ஓட்டிப் பாத்தோம், 2.0.2ல இருந்து 3.1.1 வரைக்கும் மட்டும் காட்டுச்சு.

கிளையன்ட் பக்கம் மறந்துரக்கூடாது. புது லேப்டாப்ல போட்ட அந்த டிக்கை எல்லாத்துலயும் எடுத்தாச்சு. விண்டோஸ் 7ல டிக் கெடையாது, லேன்மேன்வொர்க்ஸ்டேஷன் சர்வீஸோட டிபென்டன்சில இருந்து எம்ஆர்எக்ஸ்எஸ்எம்பி10ங்கற எஸ்எம்பி1 டிரைவரை மொதல்ல எடுத்துட்டுத்தான் அந்த டிரைவரை டிசேபிள் பண்ணணும், மாத்திப் பண்ணா வொர்க்ஸ்டேஷன் சர்வீஸே ஸ்டார்ட் ஆகாது, அந்த மெஷின்ல எந்த ஷேரும் தெறக்காது.

திங்கக்கிழமை காலைல வந்த ஃபோன் எல்லாம் ஒரே புகார், "நெட்வொர்க்ல சர்வரே காணோம்ங்க." நெட்வொர்க்னு தெறந்தா கம்ப்யூட்டர் லிஸ்ட் வர்றது கம்ப்யூட்டர் பிரவுசர்ங்கற பழைய விண்டோஸ் சர்வீஸ் வழியா, அது எஸ்எம்பி1ஐ நம்பி இருக்கறது, எஸ்எம்பி1 போனா அதுவும் போகும். சர்வர் இருந்த எடத்துலதான் இருந்துச்சு. எல்லாருக்கும் இசட் டிரைவா மேப் பண்ணிக் குடுத்தோம், மத்தியானத்துக்குள்ள ஃபோன் நின்னுச்சு.

அதே வாரத்துல ஷேர் பர்மிஷனையும் பாத்தோம், எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல்னு கெடந்ததை டிபார்ட்மென்ட் வாரியா பிரிச்சாச்சு. ரவுட்டர்ல 445 வெளிய தெறந்திருக்கான்னும் பாத்தோம், இல்ல, நல்ல வேளை.

மிச்சம் ரெண்டு இருக்குது. விண்டோஸ் 7 மெஷினுக சப்போர்ட் 2020 ஜனவரியிலயே முடிஞ்சுது, அதை மாத்த ஓனர் ஒத்துக்கிட்டாரு. இன்னொண்ணு அவங்க எம்பிராய்டரி யூனிட், அங்கயும் அதே கூலி ப்ரோக்ராம், அதே ஆள் செட் பண்ண சர்வர், எஸ்எம்பி2 ஆஃப்லதான் இருந்துச்சு. அங்க நாலு கம்ப்யூட்டருக்கு கேஷ் பூஜ்ஜியம் பண்ணி எஸ்எம்பி2ஐத் தெறந்து ஆடிட் போட்டிருக்கேன், 3000 வரிசையில எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்பற கம்ப்யூட்டர் மொத ஆளா வந்து நிக்குது.